நூறு புள்ளி இரண்டு

ஜூலை 10, புதன்

நேற்று, முட்டைகளை அடைகாக்கும் நான்காம் செட்டரில் குஞ்சுகள் வெளிவர வேண்டிய நாள். பத்தொன்பதாயிரம் முட்டையில் ஏழாயிரம் அசையவே இல்லை.

குஞ்சு பொரிக்கும் இந்த ஹேச்சரியில் ஒன்பது வருஷமாக இருக்கிறேன். ஐந்நூறு, அறுநூறு தவறும், அது வழக்கம். ஏழாயிரத்தைப் பார்த்ததில்லை. பொரியாத முட்டைகள் தட்டுகளில் வெள்ளை வெள்ளையாக, ஒன்றுமே நடக்காத மாதிரி இருந்தன. அதுதான் பார்க்க முடியவில்லை.

மேனேஜர் சிவஞானம் சார் இருபது முட்டைகளை உடைத்தார். உள்ளே குஞ்சு உருவாகி, கண்ணை மூடி, தலையைக் குனிந்து கிடந்தது. எல்லாம் ஒரே வயசு. "பதினாலாம் நாள் போயிருக்குது," என்றார். பதினான்காம் நாள் என்றால் ஜூலை இரண்டு, செவ்வாய்.

நோட்டை விரித்தோம். முட்டை ஓட்டின் சூட்டைத் தொடாமலே காட்டும் கருவியை நாங்கள் துப்பாக்கி என்போம். விசையை அழுத்தினால் சிவப்புப் புள்ளி விழும், எண் வரும். தினமும் நான்கு தடவை எடுத்து எழுத வேண்டும். நூறு டிகிரி ஃபாரன்ஹீட்டை ஒட்டியிருந்தால் முட்டை நலம். ஜூலை இரண்டு, காலை எட்டு மணி: 100.1. பதினொன்றரை: 100.2. இரண்டும் என் கையெழுத்து. மத்தியானம் இரண்டரை: 105.4. அது எனக்கு அடுத்த ஷிப்டுக்கு வந்த செங்கோடண்ணன் எழுதியது. அன்றைக்கு அவர்தான் ஃபேன் பெல்ட் தளர்ந்து கிடந்ததைக் கண்டுபிடித்து இறுக்கினார்.

"பதினொன்றரைக்கு நூறு. ரெண்டரைக்கு நூத்தஞ்சா? பெல்ட் தளர்ந்தா மெதுவாத்தான்யா ஏறும்," என்றார் சார் அவரிடம். "ஒண்ணரைக்கு உள்ள போய் என்ன பண்ணினே?"

"ஃபேனைத் தொடச்சேனுங்க. அப்பவே அனலாத்தான் இருந்துச்சுங்க. காலையிலயே சூடு ஏறியிருக்கோணும். துப்பாக்கி தப்பாக் காட்டியிருக்குதுங்க."

இருபதாம் தேதி கம்பெனியின் கால்நடை டாக்டர் வருகிறார். அதுவரை செங்கோடண்ணனை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டார்கள். துப்பாக்கியைச் சோதித்து அறிக்கை எழுதும் வேலை என்னுடையது.

"துப்பாக்கி தப்புன்னா அவன் வேலைக்கு வரட்டும்மா, பூங்கோதை. சரின்னா வேற ஆளப் பாக்கோணும்," என்றார் சார்.

வீட்டுக்கு வரும்போது மின்சாரம் எடுக்கும் காத்தாடிகள் எல்லாம் ஒரே திசையைப் பார்த்துச் சுற்றிக்கொண்டிருந்தன. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வலுத்துவிட்டது.

ஜூலை 11, வியாழன்

பேக்கரியில் ஐஸ் வாங்கி வந்து நொறுக்கினேன். கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கலக்கி, ஆய்வறையின் கண்ணாடித் தெர்மாமீட்டரை அதில் நிறுத்தினேன். முப்பத்திரண்டு. துப்பாக்கியை மேலே பிடித்தேன். 32.4.

அடுத்து ஐஸ் இருந்த எவர்சில்வர் பாத்திரத்தின் பக்கத்தில் புள்ளியை வைத்தேன். 81 என்றது! தொட்டால் விரல் மரத்துப்போகிற பாத்திரம். துள்ளிக் குதித்தேன். கருவியோடு வந்த தாளைப் படித்த பிறகுதான் விளங்கியது. பளபளப்பான பொருளைக் காட்டினால் அது தன் சூட்டைச் சொல்லாதாம். எதிரில் இருப்பதன் சூட்டைத்தான் திருப்பிக் காட்டுமாம். எதிரில் இருந்தது நான்.

கொஞ்ச நேரம் அந்தப் பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். ஐஸ் முழுக்கக் கரைந்துவிட்டது.

முட்டை ஓடு பளபளக்காது. அதனால் இந்தக் குறை கணக்கில் சேராது என்று எழுதிவைத்தேன்.

ஜூலை 12, வெள்ளி

முட்டை ஓடு ஏற்றும் டெம்போ வந்தது. சாரல். எழுத ஒன்றுமில்லை.

ஜூலை 13, சனி

கண்டுபிடித்துவிட்டேன்!

மேனேஜர் அறை ஏசியில் துப்பாக்கியை ஒரு மணி நேரம் வைத்திருந்து, நேராக முட்டை அறைக்குக் கொண்டுபோனேன். நூறு இருக்க வேண்டிய முட்டைக்கு 97.8 காட்டியது. ஐந்து நிமிஷம் கழித்து 98.9. அரை மணி போன பிறகுதான் நூறுக்கு வந்து நின்றது. கருவி குளிர்ந்திருந்தால் குறைத்துச் சொல்கிறது. மூன்று தடவை செய்து பார்த்தேன், மூன்று தடவையும் அப்படியே.

முட்டை அறையில் கொஞ்ச நேரம் சும்மா நின்றேன். விசிறிகளின் ரீங்காரத்தில் நின்றால் எனக்குத் தூக்கத்துக்கு முந்திய நிமிஷம் போல இருக்கும். உள்ளே ஆயிரக்கணக்கில் சின்ன இதயங்கள் அடித்துக்கொண்டிருக்கின்றன, வெளியே ஒரு சத்தமும் வராது. இன்று அந்த ரீங்காரம் நல்லதாகவே கேட்டது.

ஜூலை 14, ஞாயிறு

செங்கோடண்ணன் வீட்டுக்குப் போனேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அவர் கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தார். பகலில் படுத்துப் பழக்கமில்லாதவர். என்னைப் பார்த்ததும் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு எழுந்தார். ஏசி விஷயத்தைச் சொன்னேன். முகம் மலர்ந்துவிட்டது.

"நாந்தான் சொன்னேனே! ருக்குமணி, இங்க வா, அம்மிணி சொல்றதைக் கேளு. துப்பாக்கிதான் தப்பு."

ருக்குமணியக்கா சமையலறைக் கதவில் சாய்ந்து நின்றார். "ஊருக்குள்ள என்னென்னமோ பேசறாங்க, பூங்கோதை. குடிச்சுட்டுப் போய் மெசினைத் தொட்டுட்டாராம். கலியாணம் ஆன நாள்ல இருந்து இவரு குடிச்சு நாம் பாத்ததில்ல."

"அதை உடு," என்றார் அண்ணன். "அம்மிணி எழுதற கணக்குல ஒரு புள்ளி மாறாது. அவ எழுதுனது சரி, நான் எழுதுனதும் சரி. அப்ப துப்பாக்கிதானே தப்பாயிருக்கோணும்? இந்த ரோசனை மேனேஜருக்கு வரலையே!"

மோர் கொடுத்தார்கள். கொத்தமல்லி போட்டிருந்தது. இரண்டு டம்ளர் குடித்தேன்.

திரும்பும்போது பஸ்ஸுக்கு நிற்காமல் நடந்தே வந்துவிட்டேன். நான்கு கிலோமீட்டர்.

ஜூலை 15, திங்கள்

ஏசி சோதனையைச் சாரிடம் சொன்னேன். அவர் கேட்டது: "துப்பாக்கி எப்பவும் முட்டை அறை ஆணியிலதானே தொங்குது? அன்னைக்கு ஏசிக்கு எப்பிடிப் போச்சு?"

போகவில்லை.

"வேற எங்கயாச்சும் கொண்டுபோனீங்களா?"

யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

ஜூலை 16, செவ்வாய்

டெம்போ பதினொரு மணிக்கு வந்தது. செவ்வாயும் வெள்ளியும் அதன் நாள். நாச்சிமுத்து ஓடுகளை அள்ளிப்போய் உரக்காரர்களுக்குக் கொடுப்பவர். அவர் மனைவி இறந்து நான்கு வருஷம். என் வீட்டுக்காரர் போய் ஆறு. வரும்போது ஏதாவது கொண்டுவருவார், கொய்யா, இரண்டு நுங்கு, ஒரு தடவை டீத்தூள் டப்பாவில் வைத்த நந்தியாவட்டைச் செடி. பின்பக்கத் தண்ணீர்த் தொட்டி ஓரமாக நின்று பேசுவோம். எல்லோரும் பேசுவது போலத்தான்.

இன்று அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "செங்கோடனை நிறுத்திட்டாங்களாமா?"

"துப்பாக்கியைச் சோதிச்சிட்டு இருக்கேனுங்க. தப்புன்னு வந்துட்டா அவரு வந்துருவாரு."

"ரெண்டாம் தேதிதானுங்களே அது?" மலைப் பக்கம் திரும்பிக்கொண்டார். "அன்னைக்கு நீங்க உள்ள போகவே இல்லீங்களே."

அவர் ஓடுகளை அள்ளத் தொடங்கினார்.

அன்றைக்கு நடந்ததை எழுதிவிடுகிறேன். பதினொன்றேகாலுக்குத் துப்பாக்கியை ஆணியிலிருந்து எடுத்தேன். டெம்போ சத்தம் கேட்டது. ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு வரலாம் என்று கையோடு எடுத்துக்கொண்டு பின்னால் போனேன். மலை மேலிருந்து மேகம் இறங்கிக்கொண்டிருந்தது. "இதுல மேகத்துக்குச் சூடு பாக்கலாமுங்களா?" என்று அவர்தான் கேட்டார். காட்டினேன். ஐம்பத்தாறு. மேகத்துக்கு நடுவே நீலம் தெரிந்த சந்தில் காட்டினேன். பதினெட்டு. "வானம் இத்தனை சில்லுனு இருக்குதுங்களா?" என்று சிரித்தார். வேப்பிலைக்குப் பார்த்தோம், தொட்டித் தண்ணீருக்குப் பார்த்தோம், டெம்போ பானெட்டுக்குப் பார்த்தோம். அவர் உள்ளங்கைக்கு 94. என்னுடையதற்கு 89. "உங்க கை எப்பவும் இப்பிடிச் சில்லுனுதான் இருக்குமுங்களா?" என்றார். மழை வந்தது. தகரத்தடியில் நின்றோம். காத்தாடியின் ஒரு இறக்கை மேகத்துக்குள் போய்ப் போய் வெளியே வந்தது. எத்தனை தடவை என்று எண்ணினேன். நூற்று நாற்பது வரை நினைவிருக்கிறது.

உள்ளே வந்தபோது மணி ஒன்று பத்து. ஷிப்ட் முடிய இருபது நிமிஷம். காலையில் 100.1 இருந்ததால் 100.2 என்று எழுதினேன்.

ஜூலை 17, புதன்

முப்பது முட்டைகளில் ஒவ்வொன்றுக்கும் ஒயர் சென்சார் ஒட்டி, அரை மணி விட்டு, துப்பாக்கியால் ஒவ்வொன்றுக்கும் மூன்று தடவை எடுத்தேன். ஒரே தூரம், இரண்டு விரற்கடை. முட்டையின் அகன்ற நடுப்பகுதியில். காலை எட்டு மணிக்குத் தொடங்கி நாலு மணிக்கு முடித்தேன். தொண்ணூறு அளவுகள். சராசரி வித்தியாசம் புள்ளி இரண்டு.

வெயிலில் ஒரு மணி வைத்து எடுத்தேன். மழை ஈரத்தில் வைத்து எடுத்தேன். பழைய பேட்டரி போட்டு எடுத்தேன்.

துப்பாக்கி சரி.

ஜூலை 18, வியாழன்

மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு நாற்காலியில் கண் அயர்ந்துவிட்டேன். கனவு. முட்டைக்குள் இருக்கிறேன். ஓடு வழியாக வெளிச்சம் செம்மையாக, கைவிரலை டார்ச்சில் வைத்துப் பார்ப்பது போல வருகிறது. இதமாக இருக்கிறது. யாரோ வெளியே ஒரு சிவப்புப் புள்ளியை ஓட்டின் மேல் நகர்த்தி நகர்த்தித் தேடுகிறார்கள். நான் சுருண்டு சுருண்டு விலகுகிறேன். பிறகு இதம் கூடிக்கொண்டே போகிறது. அப்போதும் நன்றாகத்தான் இருக்கிறது. அதுதான் பயமாக இருந்தது.

தலைக்குக் குளித்தேன். துணி துவைத்தேன். கொடியில் போட்டதைக் காற்று இரண்டு தடவை தூக்கிப்போனது.

ஜூலை 19, வெள்ளி

நாச்சிமுத்துவிடம் சொல்லிவிட்டேன். "நாளைக்கு டாக்டர் வராரு. நான் எடுக்கவே இல்லைன்னு சொல்லிரப் போறேனுங்க."

அவர் கூடையைக் கீழே வைத்தார். "அப்ப எங்க இருந்தேன்னு கேப்பாங்களே."

"கேப்பாங்க."

கீழே சிந்திய ஓடுகளைப் பொறுக்கிக் கூடையில் போட்டார். பிறகு, "சுகந்திக்குக் காங்கயத்துல இடம் பாத்திருக்குதுங்க. நாளன்னைக்கு மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வராங்க. தாயில்லாப் பொண்ணு. இந்த நேரத்துல அப்பன் பேரு..." என்று நிறுத்திவிட்டார்.

"உங்க பேரு வராதுங்க," என்றேன்.

"நான் பயந்தாங்கொள்ளின்னு நினைக்காதீங்க."

"நினைக்கல."

நினைத்தேன். மகள் சுகந்தியின் போட்டோவை எனக்குக் காட்டியிருக்கிறார். அவர் இடத்தில் இருந்தால் நானும் அதையேதான் கேட்டிருப்பேன். இரண்டும் சேர்ந்தே மனசில் இருந்தன. பைக்குள் ஏதோ பொட்டலம் வைத்திருந்தார். கொடுக்காமலே வண்டியை எடுத்துக்கொண்டு போனார்.

ஜூலை 20, சனி

டாக்டர் ஒரு பெண். நான் எதிர்பார்க்கவில்லை. வயது ஐம்பது இருக்கும், மூக்குக் கண்ணாடியைச் சங்கிலியில் மாட்டியிருந்தார். அறிக்கையைக் கடைசிப் பக்கம்வரை படித்தார்.

"நல்லாச் செஞ்சிருக்கீங்க. இந்த ஏசி சோதனையை எங்க ஆளுங்களே பண்ணினதில்ல. ஆக, கருவி சரி."

"சரிங்க மேடம்."

சிவஞானம் சார் நாற்காலியில் சாய்ந்தார். "அப்பச் செங்கோடன்தான்."

"இல்லீங்க சார். நான் பதினொன்றரைக்கு எடுக்கவே இல்லீங்க. எடுக்காம எழுதினேன்."

சாருக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது.

"நீங்களா?" என்றார். அந்த ஒரு சொல்லை அவர் சொன்ன விதத்துக்கு அடித்திருக்கலாம்.

"அந்த நேரம் எங்க இருந்தீங்க?" என்று டாக்டர் கேட்டார்.

"பின்னால தொட்டிகிட்ட நின்னேனுங்க."

"என்ன பண்ணிட்டு?"

"மேகத்துக்குச் சூடு பாத்துட்டு இருந்தேன்."

சார் எழுந்தே விட்டார். "வெளையாடறீங்களாம்மா? ஏழாயிரம் உசுரு!"

டாக்டர் கையைக் காட்டி அவரை உட்கார வைத்தார். கண்ணாடியைக் கழற்றி என்னையே பார்த்தார். "எவ்வளவு காட்டுச்சு?"

"ஐம்பத்தாறுங்க."

"தனியாவா இருந்தீங்க?"

"ஆமாங்க."

அவர் நம்பினாரா தெரியவில்லை. அதற்கு மேல் கேட்கவில்லை. இனிக் கணக்கு எழுதும் வேலை எனக்குக் கிடையாது, தட்டு கழுவும் பிரிவுக்குப் போக வேண்டும், செங்கோடனைத் திங்கட்கிழமை வரச் சொல்ல வேண்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். நோட்டையும் பேனாவையும் மேசையில் வைத்துவிட்டு வந்தேன்.

ஜூலை 22, திங்கள்

தட்டு கழுவும் இடத்தில் தண்ணீர் சத்தம் ஓயாது. முழங்கைவரை ரப்பர் உறை. வாசலில் யாரோ நின்ற மாதிரி இருந்தது. செங்கோடண்ணன்.

உறையைக் கழற்றினேன். என்ன சொல்வது என்று இரண்டு நாளாகச் சேர்த்து வைத்திருந்தேன். "அண்ணா" என்று மட்டும் வந்தது.

"நான் கோவமா வரல," என்றார். கோபமாகத்தான் இருந்தார். "எல்லாரும் தப்புப் பண்றதுதான். முட்டை போச்சு, சரி. ஆனா ஞாயித்துக்கெழம என்ற ஊட்டுக்கு வந்து, நான் உன்னை அப்பிடித் தூக்கி வெச்சுப் பேசப் பேச, குந்தி மோரு குடிச்சியே அம்மிணி. அது எப்பிடி இறங்குச்சு?"

பதிலுக்கு நிற்கவில்லை. நான் அழவில்லை. அழுதால் அவர் ஆறுதல் சொல்ல வேண்டி வரும், அதற்கு எனக்கு உரிமை இல்லை. மீதி நானூறு தட்டுகளையும் கழுவினேன்.

ஜூலை 23, செவ்வாய்

டெம்போவை வேறு ஆள் ஓட்டி வந்தார்.

ஜூலை 26, வெள்ளி

இன்றும் வேறு ஆள். "முதலாளிக்கு ஊட்டுல சோலிங்க," என்றார். நான் கேட்கவில்லை, அவராகவே சொன்னார்.

எந்திரங்கள் எல்லாம் நலமாம். ஐந்தாம் செட்டரில் பதினெட்டாயிரத்துச் சொச்சம் குஞ்சு வந்ததாகச் சொன்னார்கள். அடுக்கிய கூடைகளைக் கடந்து வந்தேன். அத்தனையும் ஒரே குரலாகக் கத்தின. ஓரமாக நின்று கேட்டேன். யாரும் விரட்டவில்லை.

ஜூலை 28, ஞாயிறு

பட்டப்பகல் பன்னிரண்டு மணி. எங்கள் லைன் வீடுகளில் எல்லோரும் வாசலில் இருக்கும் நேரம். எதிர்வீட்டில் மிளகாய் காய வைத்திருந்தார்கள். பக்கத்து வீட்டுச் சரோஜாக்கா அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். தெருமுனையில் டெம்போ சத்தம். எனக்குத் தெரிந்த சத்தம்.

பின்பக்கமாகப் போய்விடும் என்று நினைத்தேன். போகவில்லை. நேராக வந்து என் வாசலில் நின்றது. சரோஜாக்காவின் முறம் அப்படியே நின்றுவிட்டது.

நாச்சிமுத்து வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். இறங்கி, கதவைச் சாத்தி, நான்கு பேர் பார்ப்பதைப் பார்த்தார். பிறகு என்னிடம் வந்தார்.

"நேத்து உங்க மேனேஜரைப் பாத்துட்டு வந்தேனுங்க. அன்னைக்கு நானும் அங்கதான் நின்னேன், மேகத்துக்குச் சூடு பாக்கச் சொன்னதே நாந்தான்னு சொல்லிட்டேன்."

"எதுக்குங்க?" என்றேன். "நான்தான் உங்க பேரே வராதுன்னு..."

"அதாங்க முடியல. நீங்க தனியா நின்னேன்னு சொன்னதை எங்காளு வந்து சொன்னான். அன்னைக்கிலிருந்து சோறு இறங்கல."

"சுகந்திக்கு இடம்?"

"மாப்பிள்ளை ஊட்டுல இன்னும் ஒண்ணும் சொல்லல. நானே முதல்ல சொல்லிட்டேன், இப்பிடி ஒருத்தங்க இருக்காங்கன்னு. அவங்க ரோசனை பண்ணட்டும்." கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார்.

"பொண்ணு என்ன சொல்லுச்சு?"

"ரெண்டு நாள் எங்கூடப் பேசல. இன்னைக்குக் காலையில சட்டையை அவளே தேச்சுக் குடுத்தா. 'போறதுன்னா சந்து பொந்துல நிக்காதீங்கப்பா, வாசல்ல வண்டிய நிறுத்துங்க'ன்னா."

எதிர்வீட்டுக்காரி மிளகாயைக் கிளறுவது போல் இன்னும் கிட்டத்தில் வந்தாள். காற்று அடித்ததில் எல்லோர் கண்ணும் எரிந்தது.

நான் கதவை விட்டு விலகி நின்றேன். அவர் செருப்பைக் கழற்றினார்.